கவிழ்த்துப் போட்டால் தெரியும் நம்பர்

"நம்பர் சொல்லுங்க சார்" என்றார் ஏட்டு, பேனா மூடியைக் கழற்றியபடி.

"பைக் இல்லீங்க, சைக்கிள்" என்றேன்.

"சைக்கிளுக்குத்தான் சார் கேக்குறேன். அதுக்கும் நம்பர் இருக்கும். ஃபிரேம்ல அடிச்சிருப்பாங்க."

எனக்குத் தெரியவில்லை. ரயில் நிலையத்துக்கு வெளியே காலையில் பூட்டி வைத்த வண்டி, மாலையில் திரும்பி வந்தபோது இல்லை. எட்டு வருடம் ஓட்டிய வண்டி அது. இடது பெடல் சுற்றுக்கு ஒருமுறை 'டக்'கென்று தட்டும். மழை பெய்தால் முன்பிரேக் பிடிக்காது. இதெல்லாம் மனப்பாடம். நம்பர் மட்டும் தெரியாது. பில் எங்கே போனதென்றும் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து அந்த ஏட்டே போன் செய்தார். யாரோ ஒரு பையனைப் பிடித்ததில் பதினோரு சைக்கிள் கிடைத்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். காவல் நிலையத்தின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவற்றில் மூன்று என் வண்டி போலவே இருந்தன. அதே கம்பெனி, அதே கறுப்பு. மூன்றிலும் சீட்டை மாற்றியிருந்தார்கள், ஒன்றில் மட்கார்டும் புதிது. குனிந்து குனிந்து பார்த்தேன். பெடலைச் சுற்றிப் பார்த்தேன், ஒன்று தட்டியது. பழைய சைக்கிளில் பாதிக்குப் பாதி தட்டத்தான் செய்யும்.

"இதுதான்னு உறுதியாச் சொல்வீங்களா சார்? நாளைக்கு வேற ஒருத்தர் பில்லோட வந்து நின்னா நான் என்ன செய்றது?"

அவர் கேட்டது நியாயம். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அந்த மூன்றில் ஒன்று என்னுடையதாகவே இருந்திருக்கலாம். சைக்கிள் திருட்டைப் பற்றிப் பேசும்போது திருடனைப் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறோம். பிடிபட்ட பிறகும் வண்டி வீடு திரும்பாமல் போகிறதே, என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

அந்த வாரமே மெக்கானிக் ஒருவரிடம் போய் நம்பர் எங்கே இருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கையிலிருந்த வண்டியைத் தூக்கி ஹேண்டில்பாரும் சீட்டும் தரையில் ஊன்றும்படி கவிழ்த்துப் போட்டார். பெடல் அச்சு ஓடும் குழாய்க்கு அடியில் மண்ணும் கிரீஸும் கல்லாக இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, இரும்பு பிரஷால் இரண்டு தேய் தேய்த்தார். பெயின்டுக்கு அடியிலிருந்து எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை மேலே வந்தது. சரியாகத் தெரியாத இரண்டு எழுத்துகள் மேல் சாக்பீஸைத் தேய்த்துக் கையால் துடைத்தார். பள்ளத்தில் மாவு தங்கி எழுத்து வெள்ளையாக நின்றது. "எல்லா வண்டியிலயும் இங்கதான்னு இல்ல. சிலதுல சீட் கம்பி இறங்குற இடத்துல அடிச்சிருப்பான்" என்றார்.

தொழிற்சாலையிலேயே அடித்து அனுப்பும் எண் அது. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்போம்?

உலகம் முழுக்கத் தெரிந்த சைக்கிள் திருட்டுக் கதையிலும் இந்த எண்தான் சாட்சி. விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' 1948-இல் வந்த படம். போஸ்டர் ஒட்டும் வேலைக்கு சைக்கிள் கட்டாயம். வேலையில் சேர்ந்த முதல் நாளே அது களவு போகிறது. அப்பாவும் மகனும் ரோம் நகரச் சந்தையில் தேடும்போது ஒருவன் ஃபிரேமுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறான். நம்பரைக் காட்டு என்று அப்பா அந்தோனியோ கேட்கிறான். அவன் மறுக்கிறான். போலீஸ்காரர் வந்து பார்க்கிறார். எண் வேறு. தகப்பனின் முகம் விழுந்துபோகிறது. ஆனால் அந்தோனியோவுக்குத் தன் வண்டியின் எண் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த ஃபிரேம் தன்னுடையதில்லை என்றாவது உறுதியாயிற்று. வேப்பமரத்தடியில் எனக்கு அதுகூட வாய்க்கவில்லை.

சைக்கிள் போனால் யாருக்கு என்ன போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதத்திடம் சைக்கிள் இருந்தது. இன்றும் விடியற்காலையில் பேப்பர் போடும் பையன், கேனைக் கட்டிக்கொண்டு டீ விற்பவர், இரவுக் காவலுக்குப் போகும் பெரியவர், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளி என்று சைக்கிளை நம்பி நாள் தொடங்குகிறவர்கள் ஏராளம். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். 2001-02-இல் மேல்நிலை வகுப்புகளில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கிய தமிழக அரசு, பிறகு அந்தத் திட்டத்தை விரிவாக்கியது. ஒரு மாணவியின் சைக்கிள் போனால் அவளுடைய பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. டீக்காரருக்கு அன்றைய வியாபாரமே போய்விடுகிறது. பைக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. சைக்கிள்காரருக்கு என்ன இருக்கிறது?

சட்டமும் இப்போது அவரைக் காப்பதில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இது பரவலாகத் தெரியாத சேதி என்பதால் விரிவாகவே சொல்கிறேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவில் திருட்டு என்றால் திருட்டுதான். நூறு ரூபாய்ப் பொருளானாலும் போலீஸ் வழக்குப் பதிந்து விசாரிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு, பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவை செய்ய வைத்தால் போதும் என்கிறது. பசிக்காகத் திருடியவனைச் சிறையில் தள்ளாத இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். ஆனால் கூடவே வந்த நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையில், ஐயாயிரத்துக்குக் கீழான திருட்டு போலீஸ் தானாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்ற வரிசையிலிருந்து இறங்கிவிட்டது. தகவலைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, புகார் கொடுத்தவரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் விசாரணை கிடையாது. வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் வேறு பிரிவு. அது இன்றும் போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடியதுதான். தெருவிலும் ஸ்டாண்டிலும் போகும் சைக்கிளுக்கோ பெரும்பாலும் ஐயாயிரம் என்ற கோடுதான் கணக்கு.

சாதாரண சைக்கிள் ஒன்று வாங்கி ஒரு வருடம் ஓட்டினாலே அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். டீக்காரரின் பத்து வருட வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூவாயிரம் ரூபாய் சைக்கிளுக்காக எந்த டீக்காரர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு கோர்ட் வாசலில் நிற்பார்? விசாரணையின் கதவு இப்படிச் சாத்திக்கொண்ட பிறகு, வேறு காரணத்துக்காக எங்காவது பிடிபடும் வண்டி தன் உடையவரைத் தானாகக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும். சைக்கிள் பதிவு அந்த வழி.

பதிவு என்றதும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நகராட்சி வில்லை ஞாபகம் வரும். வருடத்துக்கு ஒருமுறை சைக்கிள் வரி கட்டினால் சின்னத் தகட்டு வில்லை ஒன்று கொடுப்பார்கள், வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாத வண்டியைத் தெருமுனையில் நின்று பிடிப்பார்கள். பையன்கள் சந்துக்குள் புகுந்து ஓடுவார்கள். இலங்கையிலும் உள்ளூராட்சி சபைகள் சைக்கிளுக்கு லைசென்ஸ் கொடுத்தன. அது பணம் வசூலிக்கும் ஏற்பாடு. களவு போன வண்டியைத் தேடி நகராட்சி லெட்ஜரை யாராவது புரட்டினார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வில்லை மறுபடி வருவதானால் நானே எதிர்ப்பேன்.

நம் ஊரில் உண்மையாகவே வண்டியைக் காப்பாற்றிய பதிவேடு ஒன்று இருந்தது. வாடகை சைக்கிள் கடைக்காரரின் நோட்டு அது. பின் மட்கார்டில் கடைப் பெயரும் பெரிதாக ஒரு நம்பரும் பெயின்டில் எழுதியிருக்கும். நோட்டில் வண்டி நம்பர், எடுத்தவர் பெயர், தெரு, நேரம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த நம்பரோடு அடுத்த ஊரில் போய் வண்டியை விற்க முடியாது. பார்த்த யாரும் 'இது இன்னார் கடை வண்டியாச்சே' என்று கேட்டுவிடுவார்கள். பார்வையில் படும் எண், யாரும் கேட்கக்கூடிய கேள்வி, பதில் இருக்கும் ஒரு நோட்டு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக இருந்தன.

இதையே ஒரு நாடு முழுவதற்கும் செய்து காட்டியது ஜப்பான். அங்கே பதிவைக் கடமையாக்கியதற்குத் திருட்டு மட்டும் காரணமில்லை. 1970-களில் ரயில் நிலைய வாசல்களில் சைக்கிள்கள் மலையாகக் குவிந்தன, நடக்க வழியில்லை. யாருடையவை என்று தெரியாததால் அப்புறப்படுத்தவும் முடியவில்லை. 1980-இல் சைக்கிள் நிறுத்தத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதைத் திருத்தி 1994 முதல் எல்லாச் சைக்கிளையும் பதிவு செய்வதைக் கடமையாக்கினார்கள். 'போஹான் தோரோகு' என்று பெயர். குற்றத் தடுப்புப் பதிவு என்று பொருள்.

அது நடக்கும் விதம் எளிமையானது. காவல் நிலையத்துக்கு அலைய வேண்டாம். சைக்கிள் கடையிலேயே பெயர், முகவரி, ஃபிரேம் எண் எழுதிக் கொடுத்து, சில நூறு யென் கட்டினால் போதும். கடைக்காரர் சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் எண் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுகிறார். உரித்தால் கிழிந்து போகும் ரகம். எண் போலீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். இரவில் விளக்கில்லாமல் வரும் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் ஸ்டிக்கர் எண்ணைக் கேட்டு, அங்கேயே நின்று சரிபார்த்துவிடுகிறார். தவறான இடத்தில் நிறுத்தியதற்காக நகராட்சி தூக்கிப் போன வண்டிக்கும், பதிவை வைத்து உடையவர் வீட்டுக்குத் தபால் வருகிறது. வண்டியை விற்றாலோ யாருக்காவது கொடுத்தாலோ பழைய பதிவை நீக்கிப் புதியவர் பெயரில் பதிய வேண்டும். பதியாதவருக்கு அபராதம் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தண்டனை இல்லாத கடமையாக வைத்தும் மக்கள் செய்கிறார்கள், காரணம் அது கடையிலேயே ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை.

குறைகளும் உண்டு. பதிவு மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி. வேறு மாகாணத்துக்குக் குடிபோனால் மறுபடி பதிய வேண்டும். சாலையில் நிறுத்திச் சோதிப்பது வெளிநாட்டவர் மேல்தான் அதிகம் பாய்கிறது என்ற மனக்குறை அங்கே வாழ்பவர்களிடம் நெடுநாளாக இருக்கிறது. நம் ஊரில் இப்படி ஒரு ஏற்பாடு வந்தால் அந்த இடத்தில் நிற்கப்போவது வடமாநிலத் தொழிலாளி என்று எனக்குக் கவலை இருக்கிறது. ஜப்பானில் சைக்கிள் திருட்டு எண்ணிக்கை 2000-களின் தொடக்கத்தில் வருடத்துக்கு ஐந்து லட்சத்தைத் தொட்டு, 2021-இல் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கி, அதன்பின் மறுபடி ஏறியிருக்கிறது. இறங்கியதற்குப் பதிவு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். பதிவு கடமையான பிறகும் சில வருடங்கள் திருட்டு உச்சத்தில்தான் இருந்தது. கேமராக்கள் வந்தன, காசு கட்டி நிறுத்தும் ஸ்டாண்டுகள் வந்தன, குற்றங்களே பொதுவாகக் குறைந்தன. அங்கே களவு போவதில் பாதிக்கு மேல் பூட்டாத வண்டிகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பூட்டின் வேலையை ஸ்டிக்கர் செய்யாது. வண்டி கிடைத்த பிறகு அது யாருடையது என்று சொல்வதே ஸ்டிக்கரின் வேலை.

பிரான்ஸ் இதில் இன்னும் யோசித்துச் செய்திருக்கிறது. 2021 ஜனவரி முதல் கடையில் விற்கும் புதுச் சைக்கிள் ஒவ்வொன்றுக்கும் அடையாள எண் கட்டாயம். அதே ஆண்டு ஜூலை முதல் கடைக்காரர்கள் விற்கும் பழைய சைக்கிளுக்கும் கட்டாயம். சின்னக் குழந்தைகளின் வண்டிக்கு விலக்கு. எண் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது: நிறுத்தி வைத்திருக்கும் வண்டியில் அதைச் சிரமமில்லாமல் படிக்க முடிய வேண்டும். நம் வண்டிகளில் கவிழ்த்து, துடைத்து, சாக்பீஸ் தேய்த்துப் படிக்கும் எண்ணை நினைத்துக்கொண்டேன். தேசியப் பதிவேட்டில் எண்ணைப் போட்டால் அந்த வண்டி ஓட்டத்தில் இருக்கிறதா, களவு போனதா என்பது யாருக்கும் தெரியும். உடையவர் பெயரும் முகவரியும் எல்லாருக்கும் தெரியாது. பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர் பணம் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் சட்டத்தோடு இதைப் பொருத்திப் பார்த்தால் பலன் புரியும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்கி வைத்திருப்பது நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். இன்று எந்தப் பழைய சைக்கிள் வியாபாரியும் 'எனக்கெப்படித் தெரியும்?' என்று கேட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். எவரும் பார்க்கக்கூடிய பதிவேடு ஒன்று இருந்தால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. வாங்க ஆளில்லாத பொருளை எவனும் சிரமப்பட்டுத் திருட மாட்டான். திருட்டு குறைவதானால் இந்த வழியில்தான் குறையும்.

கட்டாயப்படுத்தித் தோற்ற நகரமும் உண்டு. கனடாவின் டொராண்டோ 1935-இல் சைக்கிளுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, 1957-இல் கைவிட்டது. ஓட்டுகிறவர்களில் பெரும்பகுதி சிறுவர்கள். லைசென்ஸ் எடுக்காத பிள்ளைகள் அறியாமலே சட்டத்தை மீறியவர்களாகிக்கொண்டிருந்தார்கள். வசூலுக்கும் தண்டனைக்கும் என்று தொடங்கும் பதிவு அங்கே போய்த்தான் முடியும்.

அமெரிக்காவில் அரசை எதிர்பார்க்காமல் தன்னார்வலர்கள் 2013-இல் 'பைக் இண்டெக்ஸ்' என்ற பதிவேட்டைத் தொடங்கினார்கள். பதிவு இலவசம். 2020-இல் தொடங்கி கலிஃபோர்னியாவில் களவு போன விலையுயர்ந்த சைக்கிள்கள் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் சமூக வலைதளங்கள் வழியே விற்பனைக்கு வந்துகொண்டிருந்ததை, இந்தப் பதிவேட்டை நடத்துபவர்களில் ஒருவரான பிரையன் ஹான்ஸ் கண்டுபிடித்தார். விற்பனைக்கு வைத்த படங்களை, உடையவர்கள் பதிந்து வைத்த படங்களோடும் விவரங்களோடும் வைத்துப் பார்த்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். நாட்டெல்லை தாண்டிப் போன வண்டியை மீட்பது லேசில்லை. ஆனாலும் தனித்தனித் திருட்டு என்று நினைத்தவை ஒரே வலையின் கண்ணிகள் என்பது பதிவேடு இருந்ததால்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. செல்போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்துத் தொலைந்த போனை முடக்கவும் தேடவும் 2023 மே மாதம் 'சஞ்சார் சாத்தி' தளம் நாடு முழுவதற்கும் திறக்கப்பட்டது. மேசை நிறையப் போன்களை அடுக்கி வைத்துப் போலீஸ் அதிகாரிகள் உரியவர்களிடம் ஒப்படைக்கும் படத்தை இன்று எல்லா மாவட்டச் செய்திகளிலும் பார்க்கிறோம். அங்கே நடப்பது அதேதான்: பொருளில் ஓர் எண், பதிவேட்டில் அதே எண், அதற்கு நேரே ஒரு பெயர். வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிளுக்கும் அதைச் செய்யலாம். உரிமை கோர யாரும் வராத பொருளுக்கு மாஜிஸ்திரேட் அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். அதற்குள் யாரும் நிரூபிக்கவில்லை என்றால் பொருள் அரசுக்குப் போய்விடுகிறது. ஓர் ஏழையின் வண்டி, அவர் வைத்திருக்காத ஒரு துண்டுச் சீட்டுக்காக ஏலத்துக்குப் போகிறது.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் என்பேன். அரசு கொடுக்கும் சைக்கிள்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அடையாளம் சொல்லிக் கேட்க வழியே இல்லை. வண்டி கொடுக்கும் அன்றே மாணவியின் பெயருக்கு நேரே ஃபிரேம் எண்ணை எழுதி, அதையே ஒரு சீட்டில் அவள் கையிலும் கொடுத்துவிட்டால் லட்சக்கணக்கான வண்டிகளின் பதிவேடு தயார். செலவு ஒரு பேனா. அடுத்தது கடை: புது வண்டி பில்லில் ஃபிரேம் எண் இல்லாமல் விற்கக் கூடாது. பதிவு இலவசமாக இருக்க வேண்டும். பதியாதவர் மேல் வழக்கோ அபராதமோ கூடாது. பழைய இரும்பு என்று எடைக்குப் போகும் வண்டியை இந்த ஏற்பாடு காப்பாற்றாது, ஒத்துக்கொள்கிறேன். முழுதாகக் கைமாறும் வண்டிகளையாவது காப்பாற்றட்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நம்பரையும் வண்டியையும் போனில் படம் எடுத்து வைக்கலாம். எனக்கு மெக்கானிக் சொல்லிக் கொடுத்த இன்னொரு வழி: பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டை பாலிதீன் உறையில் சுருட்டி, ஹேண்டில்பார் ரப்பரைக் கழற்றிக் குழாய்க்குள் தள்ளி, ரப்பரை மறுபடி மாட்டிவிடுவது. பெயின்ட் மாற்றுகிறவன் அங்கே கை வைப்பதில்லை. காவல் நிலையத்தில் எல்லார் முன்னாலும் ரப்பரை உருவிக் காட்டலாம்.

அந்த மெக்கானிக்கின் அப்பா ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடை நடத்தியவர். சுவரில் மாட்டிய பையில் அவர் காலத்து நீள நோட்டு ஒன்று, பாதிப் பக்கம் காலியாக இருந்தது. போன மாதம் போயிருந்தபோது அதே நோட்டில், பழைய வாடகைக் கணக்கு முடிந்த பக்கத்துக்குக் கீழே கோடு போட்டு, பஞ்சருக்கு வரும் வண்டிகளின் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். யூனிஃபார்மில் ஒரு பெண் தன் நீல நிற வண்டி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் துடைத்து, சாக்பீஸ் தேய்த்துவிட்டு, "கண்ணு சரியாத் தெரியல, நீயே படிம்மா" என்றார். அவள் புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். அவர் எழுதி முடித்ததும், "அண்ணே, கடைசியில இருக்கறது எட்டா, பி-யா? இன்னொரு தடவை துடைங்க" என்றாள்.